62 நானோமீட்டருக்குள் மறைந்திருந்த விளைவு: பிஸ்மத் ஃபெரைட்டும் 20 டெஸ்லாவும்

பிஸ்மத் ஃபெரைட் படிகத்தைப் பற்றி முதன்முதலாகப் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழுந்தே தீரும். அறை வெப்பநிலையிலேயே இதற்குத் தானாக அமைந்த மின்முனைவாக்கம், அதாவது நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கும் நிலை, உண்டு. அதே வெப்பநிலையில் காந்த ஒழுங்கும் உண்டு. இரண்டும் ஒரே படிகத்துக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அப்படியானால் காந்தப்புலத்தைக் கூட்டக் கூட்ட மின்முனைவாக்கமும் நேர்விகிதத்தில் மாற வேண்டாமா? படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமான அலகுக்கூடு ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால், சமச்சீர் விதிகள் அதற்கு முழு அனுமதி தருகின்றன. ஆனால் ஆய்வகக் காந்தங்களில் வைத்து அளந்தவர்களுக்கு அந்த நேர்விகித மாற்றம் கிடைக்கவில்லை.

1993இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் போபோவ், கடோம்ட்சேவா, வொரொபியோவ் ஆகியோரும், கோட்பாட்டாளர் ஸ்வெஸ்டினும், அவர்களுடைய சகாக்களும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20 டெஸ்லாவைத் (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) தாண்டும் துடிப்புக் காந்தப்புலத்தில் அந்தப் படிகம் வேறொரு காந்தக் கட்டத்துக்கு மாறுகிறது, மாறிய பிறகு நேரியல் காந்தமின் விளைவு, அதாவது காந்தப்புலத்தோடு நேர்விகிதத்தில் மின்முனைவாக்கம் மாறுவது, தெரிகிறது என்பதே அது. விளைவு அதுவரை எங்கே இருந்தது, வலுவான புலம் எதைச் செய்து அதை வெளியே கொண்டுவந்தது என்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் பொருள். காந்தமின் படிகங்களில் வலுவான புலம் எதற்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு எளிய படிகம்

பிஸ்மத் ஃபெரைட்டின் சிக்கல் புரிய வேண்டுமானால், சிக்கல் இல்லாத ஒரு படிகத்தை முதலில் பார்த்துவிடுவது நல்லது. அது குரோமியம் ஆக்சைடு.

மின்புலம் ஒரு படிகத்தைக் காந்தமாக்கலாம், காந்தப்புலம் அதில் மின்முனைவாக்கத்தை உண்டாக்கலாம் என்ற எண்ணத்தை 1894இலேயே பியர் கியூரி சமச்சீரை வைத்து முன்வைத்தார். எந்தப் படிகம் என்று பெயர் சொல்லிக் கணித்தது 1959இல்தான். ஜாலோஷின்ஸ்கி குரோமியம் ஆக்சைடைச் சுட்டிக்காட்டினார். 1960இல் அஸ்த்ரோவ் அதில் மின்புலத்தால் வரும் காந்தமாக்கத்தை அளந்தார். அடுத்த ஆண்டு ராடோவும் ஃபோலனும் மறுபக்கத்தை, அதாவது காந்தப்புலத்தால் வரும் மின்முனைவாக்கத்தை, அளந்து காட்டினார்கள்.

காரணம் இதுதான். குரோமியம் ஆக்சைடில் நான்கு குரோமியம் அயனிகள் படிகத்தின் முக்கிய அச்சில் ஒரு வரிசையாக நிற்கின்றன. அவற்றின் ஸ்பின்கள், அதாவது ஒவ்வொரு அயனியும் சுமக்கும் சிறு காந்த அம்புகள், மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி அமைந்திருக்கின்றன. அணுக்களை மட்டும் பார்த்தால் இந்த வரிசைக்கு நடுவில் ஒரு சமச்சீர் மையம் உண்டு. அந்த மையம் வழியாக எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் முதல் அயனி நான்காவதன் இடத்துக்கும், இரண்டாவது மூன்றாவதன் இடத்துக்கும் போகும். ஆனால் இப்படிப் புரட்டும்போது ஸ்பின் திசை மாறாது. ஆகவே வரிசை கீழ், மேல், கீழ், மேல் என்று ஆகிவிடும். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் காலத்தையும் திருப்ப வேண்டும், அப்போதுதான் ஸ்பின்கள் எல்லாம் தலைகீழாகும். இடத்தைப் புரட்டுவது மட்டும் பொருந்தாது, காலத்தைத் திருப்புவது மட்டும் பொருந்தாது, இரண்டும் சேர்ந்தால் பொருந்தும் என்ற இந்த நிலையில், மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு ஆற்றலில் ஒரு உறுப்பாக நுழைய இடம் கிடைக்கிறது. அந்த உறுப்பின் கெழுதான் நேரியல் காந்தமின் கெழு.

அளவு சிறியதுதான். குரோமியம் ஆக்சைடின் உச்ச மதிப்பு மீட்டருக்குச் சுமார் 4 பிக்கோ வினாடி. மீட்டருக்குப் பத்து லட்சம் வோல்ட் மின்புலம் கொடுத்தால் கிடைக்கும் காந்தமாக்கம் 4 மைக்ரோ டெஸ்லா அளவில் இருக்கும். பூமியின் காந்தப்புலம் சுமார் 50 மைக்ரோ டெஸ்லா. ஆனாலும் சாதாரணப் புலத்திலேயே தெளிவான நேர்கோடாக வருகிறது என்பதுதான் முக்கியம்.

இதே படிகத்தை வலுவான புலத்தில் வைத்தால் கதை மாறும். அச்சின் திசையில் புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஸ்பின்கள் எல்லாம் ஒரே தாவலில் அச்சை விட்டு விலகிக் குறுக்கே படுத்துவிடும். இதை ஸ்பின் ஃபிளாப் என்கிறார்கள். எங்கே நடக்கும் என்பதை இரண்டு எண்களை வைத்தே கணக்கிடலாம். 1963இல் ஃபோனர் வெளியிட்ட அளவீட்டின்படி, அண்டை ஸ்பின்களை எதிரெதிராகப் பிடித்துவைக்கும் பரிமாற்றப் புலம் சுமார் 245 டெஸ்லா, அச்சிலேயே நிற்கவைக்கும் திசைச்சார்புப் புலம் வெறும் 0.07 டெஸ்லா. இரண்டையும் பெருக்கி, அதை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால் 5.9 டெஸ்லாவுக்கு மிக அருகில் வருகிறது. தாழ்ந்த வெப்பநிலையில் படிகம் தாவுவதும் சரியாக அங்கேதான். தாவிய பிறகு அச்சுத் திசையில் இருந்த காந்தமின் கெழு மறைந்துபோகிறது. முன்பு இல்லாத குறுக்குத் திசைக் கெழுக்கள் தோன்றுகின்றன. 245 டெஸ்லா தேவைப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய விசையோடு மோதாமல், அதன் நிழலில் இருக்கும் சிறிய விசையை வென்றாலே காந்தக் கட்டம் மாறிவிடும். பிஸ்மத் ஃபெரைட்டிலும் இதே பாடம் திரும்ப வரும்.

பிஸ்மத் ஃபெரைட்டின் இரட்டை ஒழுங்கு

இப்போது நம் படிகத்துக்கு வருவோம். பெரோவ்ஸ்கைட் அமைப்பின் சற்றே சிதைந்த வடிவம் இது. சுமார் 1100 கெல்வினுக்குக் கீழே பிஸ்மத் அயனிகள் இடம்பெயர்ந்து, கனசதுரத்தின் மூலைவிட்டத் திசையில் மின்முனைவாக்கம் தோன்றுகிறது. சுமார் 640 கெல்வினுக்குக் கீழே இரும்பு அயனிகளின் ஸ்பின்கள் எதிர்ஃபெர்ரோ ஒழுங்குக்கு வருகின்றன. ஒவ்வொரு இரும்பு அயனியும் தன்னுடைய ஆறு அண்டை அயனிகளுக்கும் எதிர்த்திசையில் நிற்கும். இரண்டு வெப்பநிலைகளும் அறை வெப்பநிலையைவிட எவ்வளவோ மேலே இருப்பதால்தான் இந்தப் படிகத்தின்மேல் இவ்வளவு பேருக்கு ஆசை.

1963இல் கிசெல்யோவும் சக ஆய்வாளர்களும் நியூட்ரான் சிதறலால், அதாவது படிகத்தில் பட்ட நியூட்ரான்கள் சிதறும் விதத்தைப் பார்த்து, இந்த எதிர்ஃபெர்ரோ ஒழுங்கைக் கண்டார்கள். அந்தப் படம் எளிமையாக இருந்தது: எங்கும் ஒரே திசையில் அமைந்த, மாறி மாறி மேலும் கீழுமான ஸ்பின்கள். இந்தப் படம் முழுமையானது என்று எடுத்துக்கொண்டால், மின்முனைவாக்கத்தால் இடச் சமச்சீர் உடைந்த, ஸ்பின்களால் காலச் சமச்சீரும் உடைந்த இந்தப் படிகத்தில் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, நேரியல் காந்தமின் விளைவு. இன்னொன்று, எதிரெதிரான ஸ்பின்கள் சற்றே ஒரு பக்கம் சாய்ந்து மிச்சம் வைக்கும் சிறிய காந்தத் திருப்புத்திறன், அதாவது வலுக்குறைந்த ஃபெர்ரோ காந்தத் தன்மை.

இரண்டுமே தெரியவில்லை. ஜெனீவாவில் ஹான்ஸ் ஷ்மிட்டின் குழு 1985இல் ஒற்றைப் படிகத்தில் அளந்தபோது கிடைத்தது இருபடி விளைவு: மின்முனைவாக்கம் புலத்தின் வர்க்கத்தோடு மாறியது. ஏதோ ஒரு காரணம் புலத்தின் முதல் அடுக்கை மட்டும் துடைத்து, இரண்டாம் அடுக்கை விட்டுவைத்திருந்தது.

இந்த விவரம் மிக முக்கியமானது. நேரியல் விளைவு வெறுமனே பலவீனமாக இருந்திருந்தால், இருபடி விளைவை அளந்த கருவியிலேயே சிறிதாவது தெரிந்திருக்கும். சுத்தமாகக் காணாமல் போவதற்குச் சமச்சீர்தான் காரணமாக இருக்க முடியும். எங்கேயோ ஒரு கூட்டல் கழித்தல் நடந்து எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிறது.

பிளவுபட்ட உச்சி

விடை 1982இலேயே வந்திருந்தது. இசபெலா சொஸ்னோவ்ஸ்காவும் சக ஆய்வாளர்களும் பகுதிறன் மிக உயர்ந்த நியூட்ரான் கருவியில் பிஸ்மத் ஃபெரைட்டை மறுபடி பார்த்தார்கள். பழைய அளவீட்டில் ஒற்றை உச்சியாகத் தெரிந்த காந்தச் சிதறல், இதில் மிக நெருக்கமாகப் பிளந்து தெரிந்தது. அந்த நுண்ணிய பிளவுக்கு ஒரே பொருள்தான்: ஸ்பின்கள் எங்கும் ஒரே திசையில் இல்லை. படிகத்தின் வழியே போகப் போக அவை மெல்லத் திரும்பிக்கொண்டே போகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு 62 நானோமீட்டர்.

திரும்பும் விதம் சைக்கிளாய்டு வகை. உருளும் சக்கரத்தின் ஒரு ஆரக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் முன்னே போகும் திசையும் ஆரக்கால் சுழலும் தளமும் ஒன்றாக இருக்கும். அதைப்போல ஸ்பின்களும், அலை பரவும் திசையையும் மின்முனைவாக்கத் திசையையும் உள்ளடக்கிய தளத்துக்குள் சுழல்கின்றன. அண்டை ஸ்பின்கள் ஏறக்குறைய எதிரெதிராகவே நிற்கின்றன, அந்த எதிரெதிர் ஜோடியின் திசைதான் மெல்லத் திரும்புகிறது. பரவும் திசையில் 0.56 நானோமீட்டர் நகர்ந்தால் திருப்பம் 3 பாகைக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய திருப்பத்தைப் பகுதிறன் குறைந்த கருவி நேர்கோடாகவே பார்த்ததில் வியப்பில்லை.

இனி நேரியல் விளைவு ஏன் பூச்சியம் என்பது தானே விளங்கும். அதன் கெழு, எதிர்ஃபெர்ரோ ஜோடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. ஜோடியைத் தலைகீழாக்கினால் கெழுவின் குறியும் மாறும். சைக்கிளாய்டின் முதல் பாதியில் 31 நானோமீட்டர் தூரத்துக்கு எந்தக் குறியோ, அடுத்த 31 நானோமீட்டருக்கு அதற்கு எதிர்க்குறி. ஒரு மில்லிமீட்டர் படிகத்தில் இப்படிப் பதினாறாயிரம் சுற்றுகள் அடங்கும். மின்முனையில் சேரும் மின்னூட்டம் அத்தனையின் கூட்டுத்தொகை, ஆகவே பூச்சியம். சாய்ந்த ஸ்பின்களின் சிறு காந்தத் திருப்புத்திறனுக்கும் இதே கதிதான், அதுவும் ஒரு அலையாக ஏறி இறங்கிச் சராசரியில் மறைகிறது. இருபடி விளைவின் கெழு மட்டும் ஜோடியைத் தலைகீழாக்கினாலும் குறி மாறாது. அதனால் அது தப்பிப் பிழைக்கிறது. ஜெனீவாவில் கிடைத்தது ஏன் இருபடி மட்டும் என்பதற்கு இதுவே விளக்கம்.

எனக்கு இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிற்கத் தோன்றும். ஒவ்வொரு அலகுக்கூட்டிலும் விளைவு முழு அளவில் இருக்கிறது. படிகம் அதை இழக்கவே இல்லை.

20 டெஸ்லா எதை வெல்கிறது?

சைக்கிளாய்டை எப்படி நிமிர்த்துவது? அதற்கு முன், அது எதனால் உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மின்முனைவாக்கம் இருப்பதால் படிகத்தில் மேல் கீழ் என்ற பாகுபாடு வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட படிகத்தில் ஸ்பின் திருப்பத்தின் முதல் அடுக்கோடு மாறும் ஒரு ஆற்றல் உறுப்பு அனுமதிக்கப்படுகிறது. திரும்பினால் ஆற்றல் குறையும் என்று அது ஸ்பின்களைத் தூண்டும். பரிமாற்ற விசையோ அண்டை ஸ்பின்கள் திரும்பாமல் எதிரெதிராகவே இருக்கட்டும் என்று இழுக்கும், அதன் செலவு திருப்பத்தின் வர்க்கத்தோடு ஏறும். சிறிய திருப்பத்தில் முதலாவது ஜெயிக்கும், பெரிய திருப்பத்தில் இரண்டாவது ஜெயிக்கும். இரண்டும் சமரசமாகும் இடம் 62 நானோமீட்டர்.

இந்தச் சமரசத்தால் படிகத்துக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு? பரிமாற்ற விறைப்புக் கெழுவை இந்தப் படிகத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பில், மீட்டருக்குச் சுமார் 3 பிக்கோ ஜூல் என்று வைத்துக் கணக்கிட்டால், கன மீட்டருக்குச் சுமார் 30,000 ஜூல் வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு இரும்பு அயனிக்குப் பங்கிட்டுப் பார்த்தால் அது 0.14 கெல்வின் வெப்ப ஆற்றலுக்குச் சமம். எதிர்ஃபெர்ரோ ஒழுங்கையே கலைக்க 640 கெல்வின் வேண்டும். அந்த ஒழுங்கின் மேல் போர்த்திய சைக்கிளாய்டு என்ற மெல்லிய போர்வையை விலக்க அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

காந்தப்புலம் எப்படி உதவுகிறது என்று பாருங்கள். எதிர்ஃபெர்ரோ ஜோடி புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும்போதுதான் இரண்டு ஸ்பின்களும் புலத்தை நோக்கி லேசாகச் சாய்ந்து ஆற்றலைக் குறைக்க முடியும். புலத்துக்கு இணையாக நின்றால் அந்த லாபம் இல்லை. சைக்கிளாய்டில் ஜோடி எல்லாத் திசைகளையும் பார்த்துச் சுழல்வதால், தளத்துக்குள் அமைந்த புலத்துக்குச் சராசரியில் பாதி லாபம்தான். எல்லா ஜோடிகளும் ஒரே செங்குத்துத் திசையில் நின்றுவிட்டால் முழு லாபம். இந்த வித்தியாசம் புலத்தின் வர்க்கத்தோடு ஏறும். 20 டெஸ்லா வரும்போது அதுவும் கன மீட்டருக்குப் பல்லாயிரம் ஜூல் ஆகி, சைக்கிளாய்டின் லாபத்தை எட்டிப்பிடித்துவிடுகிறது. மறைந்திருந்த சிறு காந்தத் திருப்புத்திறனும் புலத்தோடு சேர்ந்துகொண்டு நிமிர்ந்த நிலையின் பக்கம் எடை கூட்டுகிறது. அப்புறம் சைக்கிளாய்டு நிற்க வழியில்லை.

துல்லியமான மாறுநிலைப் புலம் திசையையும் வெப்பநிலையையும் பொறுத்து மாறும். இங்கே செய்தது கோணங்களையும் திசைச்சார்பையும் விட்டுவிட்ட தோராயக் கணக்கு. ஆனால் பரிமாற்றப் புலம் நூற்றுக்கணக்கான டெஸ்லாவாக இருக்கும் படிகத்தில் வெறும் 20 டெஸ்லா எப்படிப் போதும் என்பதற்கு இந்தத் தோராயமே போதுமான பதில்.

ஐந்து மில்லி வினாடியில் ஒரு அளவீடு

20 டெஸ்லா என்பது எளிதில் கிடைக்கும் புலமல்ல. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகளில் வழக்கமாக இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா. நிலையான புலமாக 20 டெஸ்லாவுக்கு மேல் வேண்டுமானால் மெகாவாட் கணக்கில் மின்சாரம் விழுங்கும் நீர்க்குளிர்ச்சிக் காந்தங்களோ, மீக்கடத்திக் காந்தத்தோடு அவற்றை இணைத்த கலப்புக் காந்தங்களோ வேண்டும். இன்னொரு வழி துடிப்புப் புலம். ஒரு பெரிய மின்தேக்கித் தொகுப்பில் மின்னூட்டத்தைச் சேர்த்து, குளிர்வித்த சுருளுக்குள் ஒரே கணத்தில் பாயவிட வேண்டும். சில மில்லி வினாடிகளுக்குப் புலம் உச்சத்துக்குப் போய் இறங்கும். சுருள் உருகுவதற்குள் அளந்து முடித்தாக வேண்டும்.

மின்முனைவாக்கம் அளப்பதில் துடிப்புப் புலத்துக்கு ஒரு இயல்பான பொருத்தம் உண்டு. படிகத் தகட்டின் இரு பக்கமும் மின்முனை பூசிவிட்டால், மின்முனைவாக்கம் மாறும்போதெல்லாம் மின்னூட்டம் வெளியே ஓடும். கருவி பார்ப்பது மாற்றத்தை மட்டுமே. பிஸ்மத் ஃபெரைட்டின் தானாக அமைந்த மின்முனைவாக்கம் மிகப் பெரியது, மூலைவிட்டத் திசையில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கூலும். காந்தப்புலம் அதில் உண்டாக்கும் மாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மொத்தத்தை அளந்து கழித்துப் பார்க்கும் முறையில் இதைப் பிடிப்பது பெரும்பாடு. மாற்றத்தை மட்டும் பார்க்கும் முறையில் பெரிய எண் குறுக்கே வராது. புலம் நிதானமாக ஏறினால் படிகத்தின் கசிவு மின்னோட்டம் இந்தச் சிறு மின்னூட்டத்தைத் தின்றுவிடும். சில மில்லி வினாடியில் அதற்கு நேரமில்லை.

ஆனால் ஆபத்தும் அதே வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். மின்முனையின் பரப்பு 5 சதுர மில்லிமீட்டர், மின்முனைவாக்க மாற்றம் சதுர மீட்டருக்கு 10 மைக்ரோ கூலும் என்றால், வெளிவரும் மின்னூட்டம் 50 பிக்கோ கூலும். 1 நானோ ஃபாரட் மின்தேக்கியில் அது சேர்ந்தால் கிடைப்பது 50 மில்லி வோல்ட். அதே நேரம் புலம் 5 மில்லி வினாடியில் 20 டெஸ்லாவுக்கு ஏறினால் வினாடிக்கு 4000 டெஸ்லா வேகம். இணைப்புக் கம்பிகள் ஒரு சதுர மில்லிமீட்டர் வளையத்தை விட்டுவைத்தாலே அதில் 4 மில்லி வோல்ட் தூண்டப்படும். கம்பிகளை முறுக்கி, வளையத்தைச் சுருக்கி, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

உண்மைச் சமிக்ஞையையும் தூண்டல் குப்பையையும் பிரிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. தூண்டல் மின்னழுத்தம் புலம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. புலம் உச்சத்தில் ஒரு கணம் நிற்கும்போது அது பூச்சியம், இறங்கும்போது குறி மாறும். மின்முனைவாக்கமோ புலத்தின் அளவைப் பொறுத்தது. உச்சத்தில்தான் அதுவும் உச்சமாக இருக்கும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பாதையில் வரும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். கட்ட மாற்றத்தின் அருகே மட்டும் இரண்டு பாதைகளும் பிரியக்கூடும், அந்தப் பிரிவு படிகத்தின் உண்மையான தயக்கத்தால் வருவது. இன்னொரு எச்சரிக்கையும் தேவை: இவ்வளவு வேகத்தில் வெப்பம் வெளியேற நேரம் இல்லாததால் புலமே படிகத்தைச் சற்றுச் சூடாக்கவோ குளிர்விக்கவோ செய்யலாம். வெப்பநிலை மாறினால் இந்தப் படிகத்தின் மின்முனைவாக்கமும் மாறும் என்பதால் அதுவும் போலிச் சமிக்ஞை தரும்.

வளைவின் வடிவம் சொன்னது

மாஸ்கோ அளவீடுகளில் மின்முனைவாக்கத்தைக் காந்தப்புலத்துக்கு எதிரே வரைந்தபோது மூன்று பகுதிகள் தெரிந்தன. முதலில், மாறுநிலைப் புலத்துக்குக் கீழே, வளைவு புலத்தின் வர்க்கத்தோடு மெல்ல ஏறியது. ஜெனீவாவில் தாழ்ந்த புலத்தில் கண்ட அதே இருபடி விளைவு, நீண்டு வந்தது. 20 டெஸ்லாவை நெருங்கும்போது சட்டென்று ஒரு தாவல். தாண்டிய பிறகு, புலத்தோடு நேர்கோடாக மாறும் பகுதி சேர்ந்துகொண்டது.

இந்த முடிவின் பலம் எண்ணின் பெருமையில் இல்லை, வடிவ மாற்றத்தில் இருக்கிறது. வெறும் புலம் கூடியதால் விளைவு பெரிதாகத் தெரிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தால் வர்க்க வளைவு தொடர்ந்து மேலேறியிருக்கும். சமச்சீர் மாறினால் மட்டுமே இருபடி மட்டும் இருந்த இடத்தில் நேரியல் பகுதி முளைக்கும். சைக்கிளாய்டு அழிந்து, ஸ்பின்கள் எங்கும் ஒரே திசையில் அமைந்த புதிய காந்தக் கட்டம் வந்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி.

காந்தமாக்க அளவீடும் இதையே சொல்கிறது. மாறுநிலைப் புலத்துக்கு மேலே கிடைக்கும் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது பூச்சியப் புலத்தில் பூச்சியத்தைத் தொடாது, சற்று மேலே போய் வெட்டும். அந்த மிச்சம்தான் சைக்கிளாய்டு மறைத்துவைத்திருந்த வலுக்குறைந்த ஃபெர்ரோ காந்தத் திருப்புத்திறன். ஸ்பின் சாய்வு ஓரிரு பாகைக்குள் அடங்குகிற சிறிய மிச்சம்.

இருந்தாலும் ஒரே வகை அளவீட்டை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. 2004இல் ரூட், ஸ்வியாகின், பியாதகோவ் முதலானோர் அமெரிக்காவின் டல்லஹாசியில் உள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தில் 25 டெஸ்லா வரை எலக்ட்ரான் ஸ்பின் ஒத்ததிர்வை அளந்தார்கள். இதில் மின்முனையில் சேரும் மின்னூட்டத்துக்கே வேலையில்லை. ஸ்பின்கள் எந்த அதிர்வெண்ணில் ஆடுகின்றன என்பதை மட்டுமே பார்க்கும் முறை இது. சுமார் 18 டெஸ்லாவில் ஒத்ததிர்வின் போக்கே மாறியது. சைக்கிளாய்டிலிருந்து ஒரேதிசை ஒழுங்குக்கு மாறும் கட்ட மாற்றம் என்று அவர்கள் அதை விளக்கினார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வழிகளில் அளந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதுதான் என்னை முழுமையாக நம்ப வைக்கிறது.

புலம் இல்லாமலும் நிமிர்த்தலாம்

சைக்கிளாய்டின் ஆற்றல் அயனிக்கு 0.14 கெல்வின்தான் என்று பார்த்தோம். அவ்வளவு மெல்லியதைக் கலைக்கக் காந்தப்புலம் மட்டும்தான் வழி என்று இல்லை. வேறொரு படிகத்தின் மேல் மெல்லிய படலமாக வளர்த்தால், அடித்தளம் கொடுக்கும் இழுவிசையே சில நேரங்களில் போதும். பிஸ்மத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் அருமண் தனிமங்களைச் சேர்த்தாலும் சைக்கிளாய்டு குலைந்துபோகலாம். 2003இல் ரமேஷின் குழு வெளியிட்ட மெல்லிய படல ஆய்வுக்குப் பிறகு பிஸ்மத் ஃபெரைட் பற்றிய ஆர்வம் பன்மடங்கு பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆய்வில் சொல்லப்பட்ட பெரிய காந்தமாக்க மதிப்பு 2005இல் வேறு ஆய்வாளர்களால் மறுக்கப்பட்டது. மின்முனைவாக்க மதிப்பு நிலைத்து நின்றது. வலுவான புலத்தில் ஒற்றைப் படிகத்தை நிமிர்த்தி அளந்தவர்களின் முடிவு கையில் இருந்தது இந்த விவாதத்தில் பெரிய உதவி: சைக்கிளாய்டு முழுதும் போனாலும் எவ்வளவு காந்தத் திருப்புத்திறன்தான் கிடைக்க முடியும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

மின்புலத்தின் பக்கமிருந்தும் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. பிரான்சின் சாக்லே ஆய்வாளர்கள் 2008இல், ஒற்றைப் படிகத்தின் மின்முனைவாக்கத்தை மின்புலத்தால் வேறு மூலைவிட்டத்துக்குத் திருப்பியபோது, சைக்கிளாய்டின் சுழல்தளமும் கூடவே திரும்புவதை நியூட்ரானால் காட்டினார்கள். அறை வெப்பநிலையில், ஒற்றைப் படிகத்தில். மின்முனைவாக்கம்தான் சைக்கிளாய்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற விளக்கத்துக்கு இதைவிட நேரடியான ஆதாரம் தேவையில்லை.

மூன்றாவது திசையும் இடைக்கட்டமும்

வலுவான புலத்தின் கதை 20 டெஸ்லாவில் முடிந்துவிட்டது என்று பல ஆண்டுகள் தோன்றியது. கீழே சைக்கிளாய்டு, மேலே ஒரேதிசை ஒழுங்கு, இடையில் ஒரு தாவல். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கஷிவா வளாகத்தில் டோகுனாகாவின் குழு ஒற்றை டொமைன் படிகங்களை, அதாவது மின்முனைவாக்கம் முழுதும் ஒரே திசையில் இருக்கும் படிகங்களை, எடுத்துத் துடிப்புப் புலத்தில் மறுபடி பார்த்தபோது அந்தப் படம் விரிந்தது.

2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான திசையிலும் ஒரு சிறிய மின்முனைவாக்கம் உண்டு என்பது. அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது மூலைவிட்டத்தின் நெடுகே இருக்கும் பெரிய மின்முனைவாக்கத்தை. இந்தச் செங்குத்துப் பகுதி சைக்கிளாய்டு எந்தத் திசையில் பரவுகிறது என்பதோடு கட்டுப்பட்டது. அந்தத் திசைக்கு மூன்று சமமான தேர்வுகள் இருப்பதால் செங்குத்து மின்முனைவாக்கத்துக்கும் மூன்று நிலைகள். காந்தப்புலத்தைக் கொடுத்துச் சைக்கிளாய்டை ஒரு தேர்விலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளினால், புலத்தை எடுத்த பிறகும் அது அங்கேயே நிற்கிறது. புலத்தின் நினைவு மின்முனைவாக்கத்தில் தங்கிவிடுகிறது. சைக்கிளாய்டை நாம் இதுவரை விளைவை மறைத்த திரையாகவே பார்த்தோம். இங்கே அதே சைக்கிளாய்டுதான் விளைவைச் சுமக்கிறது.

2017இல் அதே வட்டாரத்திலிருந்து அடுத்த முடிவு வந்தது. அறை வெப்பநிலையின் அருகே புலத்தைக் கூட்டும்போது ஒரு தாவலுக்குப் பதிலாக அடுத்தடுத்து இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. சைக்கிளாய்டுக்கும் ஒரேதிசை ஒழுங்குக்கும் நடுவில் இன்னொரு காந்தக் கட்டம் இருக்கிறது. அதில் எதிர்ஃபெர்ரோ ஜோடி ஒரு தளத்துக்குள் முழு வட்டமாகச் சுழலாமல், ஒரு அச்சைச் சுற்றிக் கூம்பு வடிவில் சுழல்கிறது என்று விளக்கினார்கள். 2020இல் நியூட்ரான் சிதறல் அளவீடு அந்தக் கூம்பு அமைப்பை நேரடியாகக் கண்டது.

கூம்பு ஏன் நடுவில் வர வேண்டும் என்பது மேலே போட்ட ஆற்றல் கணக்கிலிருந்தே ஓரளவு புரியும். சுழற்சியால் வரும் லாபத்தையும் முழுதாக விடாமல், புலத்தால் வரும் லாபத்தையும் முழுதாக விடாமல் இரண்டிலும் பங்கு வாங்கும் அமைப்பு அது. அச்சின் நெடுகே இருக்கும் பகுதி ஒரேதிசையில் நிற்கிறது, அது புலத்துக்கு. குறுக்கே இருக்கும் பகுதி இன்னும் சுழல்கிறது, அது பழைய சைக்கிளாய்டின் மிச்சம். புலம் கூடக் கூடக் கூம்பு குறுகி, கடைசியில் கோடாகிவிடுகிறது. ஒரேதிசையில் நிற்கும் அந்தப் பகுதி சுழற்சியின் சராசரியில் அழிந்துபோகாது. ஆகவே நேரியல் விளைவு முழுதாகத் திறந்துகொள்வதற்கு முன்பே, கூம்புக் கட்டத்திலேயே, அதற்கு ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது.